ரிப்போர்ட் முழுக்க ‘ஆர்’ என்று வந்தால்?

வாசகர் கேள்வி பதில். இந்த இதழில் பதில் சொல்பவர், 31 ஆண்டுகள் மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற மதுரை மருத்துவர்.

என் அப்பாவுக்கு வயது 67. பக்கவாதம் வந்து ஐசியூவில் வென்டிலேட்டரில் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சல். சளியை டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ‘கிளெப்சியெல்லா’ என்று ஒரு கிருமி, அதற்கு எதிரே 16 மருந்துகளின் பெயர். 15-க்கு ‘ஆர்’. கொலிஸ்டின் என்ற ஒன்றுக்கு மட்டும் ‘ஐ’. ‘எஸ்’ ஒன்றுகூட இல்லை. ஆஸ்பத்திரியில்தான் இது தொற்றியது, கேஸ் போட வேண்டும் என்கிறார் அண்ணன். அப்பா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், ரொம்ப மெலிந்திருக்கிறார். கேஸ் போடலாமா?
– வாசகி, திருப்பூர்

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதைக் கடைசியில்தான் எழுதியிருந்தீர்கள். நான் முதல் வரியிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டே படித்தேன். சரி, இனி நிதானமாகப் பேசலாம்.

நான் வக்கீல் இல்லை அம்மா, ஐசியூ டாக்டரும் இல்லை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கேன்டீனுக்குப் பக்கத்து லேபில் உட்கார்ந்திருந்தவள். நான் பார்த்ததெல்லாம் நோயாளிகளின் சளி, சிறுநீர், ரத்தம்தான். ‘ஏழாம் பெட்’ என்றால் எனக்கு ஆள் ஞாபகம் வராது, கிருமியை வளர்க்கும் தட்டில் என்ன வளர்ந்தது என்பதுதான் ஞாபகம் வரும். உங்கள் அப்பாவுடைய கிளெப்சியெல்லா தட்டில் இளஞ்சிவப்பாக, பளபளவென்று, கொழகொழப்பாக வளரும். கம்பியால் தொட்டுத் தூக்கினால் சில சமயம் நூலாக இழுக்கும், பாகு பதம் பார்ப்பது மாதிரியே. (நான் வீட்டில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது.)

அந்த ‘ஆர்’ என்பதற்கு, மருந்து இருந்தும் கிருமி வளர்ந்தது என்று அர்த்தம். ‘எஸ்’ என்றால் கிருமி மருந்துக்கு அடங்குகிறது, ‘ஐ’ இரண்டுக்கும் நடுவில். கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து ஏற்றிய சின்னக் காகித வில்லைகளை மேலே வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்று வட்டம் விழும். வட்டம் ரொம்பச் சிறுத்துப்போனாலோ, விழாமலே இருந்தாலோ ‘ஆர்’. இப்போது பல இடங்களில் மெஷினே பார்த்துவிடுகிறது. எப்படிப் பார்த்தாலும் அது கிருமிக்கும் மருந்துக்கும் நடந்த குஸ்தியின் முடிவு மட்டும்தான். அப்பா பிழைப்பாரா என்பதற்கு அந்தத் தாளில் பதில் கிடையாது. 15 ‘ஆர்’ வாங்கிய கிருமியோடு நடந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. எல்லாமே ‘எஸ்’ வந்தும் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

கொலிஸ்டினுக்கு ‘எஸ்’ வரவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். இந்த எழுத்துகளை எப்படிப் போடுவது என்பதற்கு நம் லேப்களில் பெரும்பாலானவை பின்பற்றுவது அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ என்ற அமைப்பின் வழிகாட்டியை. அதில் 2020-லிருந்து கொலிஸ்டினுக்கு ‘எஸ்’ என்ற கட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ‘ஐ’ அல்லது ‘ஆர்’, இரண்டுதான். ஆகவே அப்பாவுக்குக் கிடைத்தது அந்தப் பாடத்தில் இருக்கிற அதிகபட்ச மார்க். கொலிஸ்டின் 1950-களிலேயே புழக்கத்துக்கு வந்த மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஓரங்கட்டினார்கள். மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டதும் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினோம். அதைக் கொடுக்கும்போது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்த டெஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், உங்கள் பில்லைப் புரட்டினால் தெரியும். கொலிஸ்டினை வில்லை வைத்துச் சோதிக்கக் கூடாது. அந்த மூலக்கூறு பெரிது, தட்டில் பரவாது. திரவத்தில் படிப்படியாக அளவு மாற்றிக் கலந்துதான் பார்க்க வேண்டும். வில்லை வைத்து ‘எஸ்’ போட்டுக் கொடுக்கும் லேபை நான் நம்ப மாட்டேன்.

இனி அண்ணன் கேட்பது. கிருமி எங்கிருந்து வந்தது?

கிளெப்சியெல்லா நம் குடலில் குடியிருக்கிற கிருமிதான். நம் ஊரில் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்களின் குடலில்கூடப் பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் இருக்கின்றன. சும்மா இருக்கும், ஒன்றும் செய்யாது. ஐசியூவில் வாயில் ட்யூப், கழுத்து நரம்பில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். இருமித் துப்பும் சக்தி போய்விட்டது. உடம்பின் வாசல் கதவுகளையெல்லாம் திறந்துவைத்த மாதிரி. குழாயின் உள்சுவரில் கிருமிகள் பாசி போல ஒட்டிக்கொண்டால் மருந்தும் உள்ளே சரியாகப் போகாது. இதற்கு நடுவே முதல் நாளிலிருந்து ஏதாவது ஒரு ஆன்டிபயாட்டிக் ஓடுகிறது. அது சாதுவான கிருமிகளைக் கொன்று, முரடுகளுக்கு இடம் காலி பண்ணிக் கொடுக்கிறது. வென்டிலேட்டர் போட்டு 48 மணி நேரத்துக்கு மேல் ஆனபிறகு வரும் நிமோனியாவுக்குத் தனிப் பெயரே உண்டு. ஒன்பதாம் நாள் காய்ச்சல் என்றதும் ஐசியூ டாக்டருக்கு அதுதான் முதலில் தோன்றியிருக்கும்.

ஆக, அப்பாவின் குடலிலிருந்தே வந்திருக்கலாம். பக்கத்து பெட்டிலிருந்தும் வந்திருக்கலாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எது என்று சொல்ல என்னாலும் முடியாது, அண்ணனாலும் முடியாது. பக்கத்து பெட்டிலிருந்து வந்திருந்தால், காற்றில் பறந்து வந்திருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் ஒரு கையோ, கை தொட்ட ஒரு சாமானோதான் தூக்கிக்கொண்டு வந்திருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டது அதிகம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரே ஐசியூவிலிருந்து அசினிடோபாக்டர் என்ற கிருமி அடுத்தடுத்து வந்தது. முதல் இரண்டு ரிப்போர்ட்டிலும் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன், ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவது வந்தபோது மூன்றிலும் ‘ஆர்’ வரிசை ஒரே மாதிரி இருப்பதை லேப் டெக்னீஷியன் பெண்தான் காட்டினாள். அன்றைக்குச் சாயங்காலம் பஞ்சுக் குச்சிகளை எடுத்துக்கொண்டு மேலே போனோம். கட்டில் கம்பி, வென்டிலேட்டரின் திருகு, சக்‌ஷன் குழாய், போன், நோயாளியின் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட்டில் கட்டித் தொங்கவிட்ட பேனா, எல்லாவற்றையும் துடைத்து எடுத்தோம். கிருமி கிடைத்தது ஆக்ஸிஜன் பார்க்க விரலில் மாட்டும் கிளிப்பில். கொரோனா காலத்தில் நீங்களும் வாங்கி வைத்திருப்பீர்களே, அதேதான். உள்ளே இருக்கும் ரப்பரில் இருந்தது. ஒரு பெட்டில் கழற்றி அடுத்த பெட்டில் மாட்டும்போது வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்திருக்கிறார்கள். அசினிடோபாக்டருக்கு ஈரம்கூடத் தேவையில்லை, காய்ந்த இடத்திலேயே வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இரண்டாவது ரிப்போர்ட்டிலேயே நான் நிமிர்ந்து பார்த்திருந்தால் மூன்றாவது ஆளுக்கு அது போயிருக்காது.

அண்ணன் கேஸ் போடுவது அவர் உரிமை. அதற்கு முன் கேஸ் ஷீட்டின் நகலை வாங்குங்கள். எந்தக் குழாய் எந்தத் தேதியில் போட்டார்கள், தேவை முடிந்த அன்றே எடுத்தார்களா, காய்ச்சல் வந்த எத்தனை மணி நேரத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள், ரிப்போர்ட் வந்ததும் மருந்தை மாற்றினார்களா என்று பாருங்கள். அதே வாரத்தில் அதே ஐசியூவில் வேறு யாருக்காவது இதே கிருமி வந்ததா என்று தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் கேளுங்கள். ‘அப்படி ஒரு குழுவே எங்களிடம் இல்லை’ என்று சொன்னார்களானால், அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் சொல்வேன்.

போன மாதம் காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் செஃபிக்ஸிம் வாங்கி இரண்டு நாள் போட்டேன், சரியாகிவிட்டது, நிறுத்திவிட்டேன். இனிமேல் என் உடம்புக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது என்று நண்பன் பயமுறுத்துகிறான். உண்மையா?
– வாசகர், சேலம்

உங்கள் உடம்பு எந்த மருந்துக்கும் பழகவில்லை தம்பி. பழகுவது உள்ளே இருக்கும் கிருமி. இந்த ஒரு குழப்பத்தை டாக்டர்களின் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன்.

உங்களுக்கு வந்தது அநேகமாக வைரஸ் காய்ச்சல், மாத்திரை போடாவிட்டாலும் மூன்றாம் நாள் விட்டிருக்கும். பேர் மட்டும் செஃபிக்ஸிமுக்குப் போய்விட்டது. அந்த இரண்டு நாளில் அது குடலில் இருந்த சாதாரணக் கிருமிகளை அடித்துவிட்டு, அடங்காத சிலவற்றை மிச்சம் வைத்திருக்கும். கிருமிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை ஹாலில் பிட்டு பாஸ் பண்ணுவது போல, ‘இந்த மருந்தை இப்படி முறி’ என்ற குறிப்பை ஒரு சின்ன டிஎன்ஏ வளையத்தில் எழுதி ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும். வேறு ஜாதிக் கிருமிக்குக்கூடக் கொடுக்கும். நாளைக்கே விபத்து என்று நீங்கள் ஐசியூவில் படுத்தால், அந்தப் பிட்டும் கூடவே வந்து படுக்கும். பல மாதம் மருந்தே தொடாமல் இருந்தால் அந்தக் கூட்டம் தானாகக் குறையவும் செய்யும், அதனால் ரொம்பப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. செஃபிக்ஸிம் ‘எச்1’ அட்டவணையில் இருக்கிற மருந்து. 2014 மார்ச் 1 முதல், டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். உங்கள் கடைக்காரர் அந்த நோட்டில் யார் பெயரை எழுதினாரோ!

அம்மாவுக்குத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சளி டெஸ்ட்டில் அசினிடோபாக்டர், ‘ஹெவி குரோத்’ என்று வந்திருக்கிறது. டாக்டர் ‘மருந்து வேண்டாம்’ என்கிறார். இது அலட்சியம் இல்லையா?
– வாசகி, கும்பகோணம்

அம்மாவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா? சளி திடீரென்று நிறம் மாறி, அளவு கூடி, மூச்சு வாங்குகிறதா? ஆக்ஸிஜன் இறங்குகிறதா? இதெல்லாம் இல்லை என்றுதான் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அப்படியானால் உங்கள் டாக்டர் நல்ல டாக்டர், அவரை விட்டுவிடாதீர்கள்.

குழாய் இருக்கும் இடத்தில் கிருமி குடியேறும். திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்பதற்காகத் திருடன் வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்று சொல்ல முடியுமா? லேபில் எங்களுக்குத் திண்ணையும் தெரியாது, வீடும் தெரியாது. சளி வந்தது, வளர்ந்தது, ‘ஹெவி’ என்று எழுதுவோம். அவன் திருடனா இல்லையா என்பதைப் பேஷண்ட் பக்கத்தில் நிற்கிற டாக்டர்தான் சொல்ல முடியும். தாளைப் பார்த்து மருந்து கொடுத்தால், திண்ணையில் இருந்தவன் போய் அவனைவிட முரடன் வந்து உட்காருவான். அப்போது அம்மாவுக்கு நிஜமாகவே நிமோனியா வந்தால் கொடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. யூரின் ட்யூப் போட்டவர்களின் சிறுநீரிலும் இதே கதைதான். ட்யூப் பல வாரம் இருந்தால் கிருமி வளராமல் இருப்பதுதான் அதிசயம். தொந்தரவு எதுவும் இல்லாதபோது சும்மா டெஸ்ட்டுக்கு அனுப்பாதீர்கள், அனுப்பினால் அனுப்பியவரும் பயந்துவிடுவார், பார்த்தவரும் பயந்துவிடுவார்.

சளி எடுப்பதற்கு முன்னும் பின்னும் நீங்கள் கை கழுவுங்கள். அம்மாவை 30 டிகிரிக்குக் குறையாமல் தலையை உயர்த்திப் படுக்க வையுங்கள், முக்கியமாகக் குழாய் வழியாக உணவு போகும்போது. வாயைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். பல் தேய்க்காத வாயிலிருந்து நுரையீரலுக்கு இறங்குவதுதான் பாதி நிமோனியா.

கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். ஐசியூவில் மருந்து கேட்கவில்லை என்றால் உடனே கோழிக்காரனைத் திட்டுகிறார்கள். எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், நாமக்கல்

கோபம் புரிகிறது. சம்பந்தம் உண்டு, ஆனால் திட்டுகிறவர்கள் சொல்லும் அளவுக்கு நேரடியானது இல்லை.

மேலே சொன்னேனே கொலிஸ்டின், கடைசிக் கையிருப்பு. அதையே தீவனத்தில் கலந்து கோழிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நோய்க்காக மட்டும் அல்ல, எடை கூடவும்தான். 2015 நவம்பரில் சீனாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கொலிஸ்டினை மதிக்காத ஒரு மரபணு, எம்சிஆர்-1, அதுவும் பிட்டு வளையத்தில். அதுவரை கொலிஸ்டின் எதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்கு இப்படித் தாவும் என்று யாரும் காட்டியதில்லை. அன்று லேபில் நாங்கள் யாரும் மதியச் சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடவில்லை. 2017-ல் சீனா தீவனத்தில் எடைக்காகக் கலப்பதை நிறுத்தியது. அதற்குப் பிறகு பன்றிகளிடமும் மனிதர்களிடமும் அந்த மரபணு குறைந்தது என்று ஆய்வுகள் காட்டின. இந்தியாவில் 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்காக வளர்க்கும் விலங்கு, கோழி, மீன் எதற்கும் கொலிஸ்டின் தயாரிக்கவும் விற்கவும் தடை போட்டது.

உங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஐசியூக்களில் கிளெப்சியெல்லா கொலிஸ்டினுக்கு அடங்காமல் போவது பெரும்பாலும் அதன் சொந்த மரபணுவில் நடக்கும் மாற்றத்தால். அது நாங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் வளர்த்த பிள்ளை, கோழி வளர்த்தது இல்லை. நீங்கள் கோழிக்குக் கொடுக்கிற மருந்தின் பெயரை லேபிளில் ஒரு தடவை படித்துவிட்டுக் கொடுங்கள், வைட்டமின் என்று சொல்லி விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்றும் கேளுங்கள்.

‘நியூ டெல்லி’ என்று ஒரு கிருமிக்குப் பெயர் வைத்தது இந்தியாவை அவமானப்படுத்தத்தானே?
– வாசகர், திருநெல்வேலி

கிருமிக்கு அல்ல, மருந்தை முறிக்கும் ஒரு நொதிக்கு. என்டிஎம்-1. மெரோபெனம் போன்ற பெரிய மருந்துகளைக்கூட உடைத்துப்போடும். டெல்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் கண்டார்கள். இப்படி ஊர்ப் பெயர் வைப்பது அந்தத் துறையின் பழக்கம். இத்தாலியின் வெரோனா பெயரில் ஒரு நொதி இருக்கிறது, கொரியாவின் சியோல் பெயரிலும் ஒன்று இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம்மை உலுக்க வேண்டியது பெயர் அல்ல. 2010-ல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையில், சென்னையிலிருந்து மட்டும் என்டிஎம்-1 உள்ள 44 கிருமிகள். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் நம் ஆள், அப்போது சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. பெயருக்காக நாம் போட்ட சண்டையில் பாதியைக் கை கழுவும் தொட்டிக்காகப் போட்டிருக்கலாம். நல்லவேளை, 2012-ல் சென்னையிலேயே டாக்டர்கள் கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க ‘சென்னைப் பிரகடனம்’ என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அது கொடுத்த நெருக்கடிக்கும் மேலே சொன்ன ‘எச்1’ நோட்டுக்கும் தொடர்பு உண்டு.

புது மருந்து வராதா?
– வாசகி, காரைக்குடி

வருகிறது, மெதுவாக. 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதித்த ஒரு மருந்தில் எனக்கு அற்ப சந்தோஷம். செஃபிபைம் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு, கிருமியின் நொதியைத் தடுக்கும் என்மெட்டாசோபாக்டம் என்பதைச் சேர்த்தது. இந்த இரண்டாவது பொருளைக் கண்டுபிடித்தது சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம். ஆனால் மேலே சொன்ன என்டிஎம் அதற்கும் அடங்காது. என்டிஎம்முக்கு இப்போது டாக்டர்கள் கையாள்வது ஒரு கூட்டணி. அஸ்ட்ரியோனாம் என்ற பழைய மருந்தை என்டிஎம்மால் உடைக்க முடியாது, ஆனால் அதே கிருமியிடம் இருக்கும் வேறு நொதிகள் உடைத்துவிடும். கூட்டாளியாகச் சேர்க்கும் அவிபாக்டம் என்ற பொருள் அந்த வேறு நொதிகளைப் பிடித்துக்கொள்ளும், அஸ்ட்ரியோனாம் உள்ளே புகுந்துவிடும். ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் அடிப்பது. விலைதான் கையைச் சுடும்.

ஐசியூவுக்குள் எங்களைக் கை கழுவிவிட்டு வரச் சொல்கிறார்கள். பெரிய டாக்டர் வந்தார், கழுவவே இல்லை, அப்படியே அம்மாவைத் தொட்டார். கேட்கலாமா? அம்மாவுக்குத் திருநீறு, தீர்த்தம் கொடுக்கலாமா?
– வாசகி, பழனி

திருநீறு நெற்றியில் ஒரு கீற்று, கை கழுவிவிட்டு, சிஸ்டரிடம் சொல்லிவிட்டு. கழுத்துக் குழாய்க்கும் தொண்டைக் குழாய்க்கும் பக்கத்தில் வேண்டாம். தீர்த்தம் கூடவே கூடாது. வாயில் ட்யூப் இருக்கும்போது உதட்டில் விடும் சொட்டு வயிற்றுக்குப் போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, நுரையீரலுக்கு இறங்கினால் என் லேபுக்குத்தான் வந்து சேரும்.

டாக்டரைத் தாராளமாகக் கேளுங்கள். கட்டில் காலில் ஒரு சானிடைசர் பாட்டில் தொங்கும், இரண்டு அழுத்து அழுத்தி 20 விநாடி தேய்த்தால் போதும், தண்ணீர்கூட வேண்டாம். ‘டாக்டர், கைக்கு அதைப் போட்டாச்சா?’ என்று சிரித்த முகமாகக் கேளுங்கள். நல்லவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு போடுவார்கள். முறைக்கிறவர்கள்கூட, உங்கள் முன்னால் ஒன்றும் சொல்லாமல், அடுத்த பெட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ரொம்பக் கோபித்தால் மதுரை லேப் அம்மா கேட்கச் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள். நான்தான் ரிட்டயர் ஆகிவிட்டேனே.